கோட்டிலிருந்து ஒரு சாண்

ஆறுக்கு ஆறு. சொன்னது என் மகளை எதிர்த்து ஆடும் மற்றப் பிள்ளை, நெஹிர், இந்த ஊர்க்காரி. 'சிக்ஸ் ஓல்' என்ற இரண்டு சொல்லையும் கழுவித் துடைத்து மேசையில் வைப்பதுபோலச் சொன்னாள். இனிப் பக்கம் மாறுவார்கள், என் மகள் இந்தப் பக்கத்துக்கு வருவாள், வந்தால் எனக்கும் அவளுக்கும் நடுவில் இந்தப் பச்சைத் துணியும் இருபதடி செம்மண்ணும்தான், ஆகையால் நான் மூச்சை மெல்ல விட வேண்டும். ஐம்பத்திரண்டு வயது மனிதன் ஒருவன் துருக்கியில், அந்தாலியாவில் நல்ல வெயிலில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டென்னிஸ் வேலியில் கட்டிய காற்றுத்தடுப்புத் துணிக்குப் பின்னால், அதிலுள்ள ஓட்டை ஒன்றில் வலக்கண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறான் என்றால் அதற்கு ஒரு விளக்கம் இருக்க வேண்டும். இருக்கிறது. காலைச் சாப்பாட்டு மேசையில் சாம்பவி தயிரைக் கரண்டியால் குத்திக்கொண்டே சொன்னாள், "அப்பா, இண்டைக்கு நீங்கள் பாக்க வராதேங்கோ. உங்கட முகத்தைப் பாத்தா எனக்குத் தோத்துப்போன மாதிரி இருக்கு. பந்து விழ முந்தியே நீங்கள் செத்தவீட்டுக்கு வெளிக்கிட்டிடுறியள்." அப்ப நான் எங்கை நிக்கிறது என்று கேட்டேன். "கடலைப் பாருங்கோ. நல்ல கடல்." பக்கத்திலிருந்த இமோஜன், சாம்பவியோடு ஒரே குழுவில் வந்த பிள்ளை, மஞ்சள் தலைமயிர், எந்நேரமும் எதையாவது கொறிக்கும் வாய், எங்கள் தமிழ் விளங்காமலே விஷயம் விளங்கிச் சிரித்தாள், மிஸ்டர் குகதாசன் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பொலிஸ் பிடித்தால் எங்களைத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம், நாங்களும் சொல்ல மாட்டோம் என்றாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் எனக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன், தொழில் அப்படி, எதைக் கேட்டாலும் மனம் மற்ற மொழியில் ஒருதடவை ஓடிப்பார்க்கும். மரம் இங்கே பைன் மரம், மெலிந்தது, ஒளிய உதவாது. அதனால்தான் துணி.

வந்துவிட்டாள். தோளில் துவாயைப் போட்டபடி வருகிறாள், இடது முழங்காலில் கட்டு, அந்தக் கட்டைப் பார்த்தாலே எனக்கு வயிற்றில் ஏதோ இறங்குகிறது. இறங்குவது என்ன என்று மருத்துவப் புத்தகத்தில் தேடிப் பார்த்திருக்கிறேன், இருபத்து மூன்று காரணங்கள் போட்டிருந்தார்கள், பயம் பத்தொன்பதாவது. பயப்படுவதற்கு நான் வரிசை வைத்திருக்கிறேன்: முழங்கால், வெயில், அவளுடைய இரண்டாவது சேர்வீஸ், விமானம், பிறகு ஃபியோனா. ஃபியோனா பயிற்சியாளர், ஸ்கொட்லாந்துக்காரி, மூன்று பிள்ளைகளையும் இங்கே கூட்டிவந்தவர், எதற்கும் குரல் உயர்த்தாதவர். குரல் உயர்த்தாதவர்களிடம்தான் எனக்குக் கூடுதலான பயம். விமான நிலையத்தில் பெட்டிகளுக்காக நிற்கும்போது, வானிலையைச் சொல்லுவதுபோல, கோடைக் குழுவுக்கு இரண்டு பேரைத்தான் எடுக்க முடியும் என்று சொன்னார். இமோஜன் ஒரு ஆள். அது எல்லோருக்கும் தெரியும். மற்ற இடம், இந்தத் தகுதிச் சுற்றைத் தாண்டிப் பெரிய போட்டிக்குள் போகிறவளுக்கு. மூன்றாவது பிள்ளை ஹாரியட் நேற்றே தோற்றுவிட்டாள், பாவம், நான் 'பாவம்' என்று நினைத்த அதே வேகத்தில் 'நல்லது' என்றும் நினைத்தேன், இரண்டுக்கும் நடுவில் ஒரு காற்புள்ளிகூட இருக்கவில்லை. இந்த ஆட்டம் கடைசி. ஆளுக்கு ஒரு செட், மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி வரைக்கும் ஒரு ஓட்டம், முதலில் பத்தைத் தொடுகிறவள், இரண்டு வித்தியாசத்தில். இதிலாவது எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காகப் போகின்றன. மற்றபடி பதினைந்து, முப்பது, நாற்பது. நாற்பத்தைந்தாக இருந்திருக்க வேண்டியது சொல்லச் சோம்பி நாற்பதானது என்கிறார்கள், ஆதாரம் போதாது, ஒருநாள் உட்கார்ந்து தேட வேண்டும். அடித்துவிட்டாள். அடித்தது யார்? ஏழுக்கு ஆறு. சாம்பவிக்கு ஏழு.

இனிச் சாம்பவி பந்து போட வேண்டும், போடுகிறவள் புள்ளியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், சொல்கிறாள், 'செவன் சிக்ஸ்', குரல் உலர்ந்திருக்கிறது, தண்ணீர் குடித்தாளோ தெரியாது. இந்தச் சுற்றுகளில் உயரக் கதிரையில் நடுவர் இருப்பதில்லை. ஆறு தளங்களுக்கும் சேர்த்து ஒரேயொரு பெண்மணி, வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு கட்டுக் காகிதம், வேலியோரமாக நடந்து திரிகிறார். தன் பக்கத்தில் விழும் பந்து உள்ளா வெளியா என்று அவளவளே தீர்ப்புச் சொல்ல வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் தராசையும் கொடுத்து, தட்டிலும் அவளையே ஏறச் சொல்லுகிற ஏற்பாடு. நான் வேலை பார்க்கும் இடங்களில் இப்படி விட்டால் என்ன நடக்கும் என்று யோசிக்கிறேன். லண்டனில் அகதி வழக்கு மன்றங்களில் மொழிபெயர்ப்பாளன் நான், பத்தொன்பது வருடம். ஒருவர் "என்னை அடிச்சவங்கள்" என்றால் நானும் "என்னை அடித்தார்கள்" என்றுதான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், "அவரை" என்று மாற்றக் கூடாது, அதுதான் முறை. எத்தனை பேருடைய உண்மையை என் வாயால் சொல்லியிருக்கிறேன், எத்தனை பேருடைய பொய்யை. பொய் வருவது எனக்கு முதலே தெரிந்துவிடும். பொய்க்கு விபரம் கூடுதலாக இருக்கும், சட்டையின் நிறமெல்லாம் வரும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொல்லிவிட்டு தண்ணீர் குடிப்பேன். அந்த முகம் எங்கே போகிறது மகள் மட்டையைத் தூக்கினால்? பந்து வலையில். அவளுடைய பந்துதான். ஏழுக்கு ஏழு. வதனிக்கு என்ன சொல்லுவேன், கைபேசி இரண்டுதரம் நடுங்கிவிட்டது, வதனிதான், என் மனைவி, வேலையிடத்தில் கழிவறைக்குள் நின்று அனுப்புவாள், "இஞ்சேருங்கோ, எத்தினை?" என்று. இப்போது எத்தனை என்று எழுதினால் வாசிப்பதற்குள் அது பழைய செய்தி. ஒரு துள்ளல், இரண்டு, சாம்பவி பந்தை நிலத்தில் ஏழுதரம் தட்டுவாள், ஏழுக்கு மேல் தட்டினால் பயந்திருக்கிறாள் என்று அர்த்தம். ஒன்பது தட்டினாள். எண்ணாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பந்து நல்ல பந்து, மற்றவள் மட்டையை நீட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். எட்டுக்கு ஏழு. கையைத் தட்ட முடியாது, துணியைப் பிடித்துக்கொள்கிறேன், துணியில் பிளாஸ்டிக் மணமும் உப்பும்.

இந்த ஓட்டையை நான் செய்யவில்லை, ஏற்கெனவே இருந்தது, ஒரு நாணயம் அளவு, யாரோ சிகரெட்டால் சுட்டிருக்கிறார்கள், ஓரம் கறுத்துச் சுருண்டிருக்கிறது. ஓட்டைக்குள்ளால் பார்ப்பது வேறு மாதிரி. எல்லாம் தூரமாகவும் தெளிவாகவும், தப்பிக்க முடியாததாகவும் தெரிகிறது, இதை நான் எங்கேயோ, இல்லை, நான் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். பதினேழு வயது, பள்ளிக்கூட மைதானம், வெயில் இதே வெயில், எங்கள் பகுதி ஆண்கள் எல்லோரையும் இராணுவத்தார் வரிசையில் விட்டிருந்தார்கள். ஜீப்புக்குப் பக்கத்தில் தலையில் சாக்கைக் கவிழ்த்த ஒருவன். சாக்கில் இரண்டு ஓட்டை. தலையாட்டி, ஆட்களைக் காட்டிக்கொடுப்பவன். ஒவ்வொருவராக முன்னால் போய் நிற்க வேண்டும், அந்த இரண்டு ஓட்டையும் பார்க்கும், தலை ஆடினால் ஜீப்புக்குள், ஆடாவிட்டால் வீட்டுக்கு. எனக்கு ஆடவில்லை. எனக்கு அடுத்ததாக என்னோடு படித்த யேசுரட்ணம், கையில் சைக்கிள் பம்ப், அதை வைத்துவிட்டு வரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை, அவனுக்கு ஆடியது. சாக்குக்குள் இருந்த கண்ணைப் பற்றி நான் யோசித்ததில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்திருக்கிறேன். அவன் பயந்திருப்பான் என்றுதான் எப்போதும் முடிப்பேன், முடித்துவிட்டுத் தூங்கப் போவேன். அந்த இடத்தில் இப்போது நான் நிற்பதுபோல, சீச்சீ, இது டென்னிஸ், நான் ஒரு தகப்பன், இது காற்றுத்தடுப்பு. நெஹிர் பந்து போட்டாள், மகளின் மட்டை விளிம்பில் பட்டுப் பந்து வானத்துக்குப் போனது. எட்டுக்கு எட்டு.

'எய்ட் ஓல்' என்றாள் நெஹிர், இந்தத்தரம் கழுவாமல், அவளுக்கும் பயம் வந்துவிட்டது, பக்கவாட்டில் பிளாஸ்டிக் கதிரையில் சூரியகாந்தி விதை கடித்துக்கொண்டிருக்கும் அவளுடைய தகப்பன், கட்டம் போட்ட சட்டை, கடிப்பதை நிறுத்திவிட்டார். அவர் வெளிப்படையாக இருந்து பார்க்கலாம், என் முகத்திலுள்ள குறை அவருடைய முகத்தில் இல்லைபோலும். பந்து வந்தது, போனது, வந்தது. பத்துத் தட்டுக்கு மேல் எண்ணுவதை விட்டேன். சாம்பவி பின்னால் வருகிறாள், இன்னும் பின்னால், முழங்கால், கவனம் பிள்ளை, நெஹிர் ஓங்கி ஒன்று, நீளமாக, அடிக்கோட்டை நோக்கி, என் ஓட்டைக்கு நேரே. விழுந்தது. கோட்டின் வெளி விளிம்பில் விழுந்து வெள்ளையைத் தொட்டுச் செம்மண்ணில் ஒரு நீட்டு அடையாளம் போட்டுவிட்டு எழும்பியது. தொட்டால் உள்ளே. நான் பார்த்தேன். இந்த உலகத்தில் என்னைவிட நன்றாக அதைப் பார்த்தவர் இல்லை, ஓட்டை அந்த உயரத்தில், அந்தக் கோணத்தில் இருந்தது. சாம்பவி சுட்டுவிரலை உயர்த்தினாள். "அவுட்."

நெஹிர் வலைக்கு ஓடி வந்தாள். மண் தளத்தில் பந்து அடையாளம் விடும், சந்தேகம் என்றால் அடையாளத்தைக் காட்டு என்று கேட்கலாம், ஆனால் வலையைத் தாண்டி மற்றப் பக்கம் போய்ப் பார்க்க முடியாது, போனால் அதுவே குற்றம், ஆகையால் அவள் வலையின்மேல் வயிறு அழுந்தச் சாய்ந்து மட்டையை நீட்டி, "தேர்! ஒன் த லைன்! தேர்!" என்றாள். சாம்பவி குனிந்து பார்த்தாள். நீட்டு அடையாளத்தைப் பார்த்தாள், அது எனக்குத் தெரியும், தலை அங்கே திரும்பி ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்த இன்னோர் அடையாளத்தைச் சுற்றி மட்டையால் வட்டம் போட்டாள். பழையது. முதலாம் செட்டில் விழுந்ததாயிருக்கலாம், ஓரம் மங்கியிருந்தது. இதுதான் என்றாள். அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். வேகத்தில் மாறியிருக்கலாம். மனிதக் கண் தான் பார்க்க விரும்புவதைப் பார்க்கும் என்று நிறைய எழுதியிருக்கிறார்கள், நானே மேற்கோள் காட்டியிருக்கிறேன். வெள்ளைத் தொப்பிப் பெண்மணி வந்தார். நெஹிரின் தகப்பன் எழுந்து துருக்கியில் ஏதோ கத்தினார், விதைகள் மடியிலிருந்து கொட்டின, பெண்மணி திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டி அவரை இருத்தினார். "நீ எதைச் சொல்கிறாய்? நீ எதை?" இரண்டு பிள்ளைகளும் இரண்டு அடையாளத்தைக் காட்டினார்கள். பெண்மணி குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "நான் பந்தைப் பார்க்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே அடையாளத்தில் உடன்படவில்லை. சொன்ன தீர்ப்பு நிற்கும்." நெஹிர் திரும்பி நடந்தாள், தோளெலும்பு இரண்டும் சட்டைக்குள்ளால் தெரிய. ஒன்பதுக்கு எட்டு. இன்னும் ஒரு புள்ளி. கோடைக் குழு. ஃபியோனாவின் உயராத குரல். வதனி கழிவறைக்குள் நின்று அழுவாள். எனக்கு மகிழ்ச்சி வந்தது, அதைச் சொல்ல வேண்டும், முதலில் வந்தது மகிழ்ச்சிதான். அதற்குப் பின்னாலேயே மற்றது வந்தது, வயிற்றிலிருந்து அல்ல, கழுத்துக்குப் பின்னாலிருந்து: என் பிள்ளை பொய் சொல்கிறாளா, சொன்னால் அதை எங்கே படித்தாள்.

பந்து எடுக்க வருகிறாள். பந்து ஒன்று உருண்டு வந்து துணியின் அடியில், என் காலுக்கு முன்னால் கிடக்கிறது. குனிந்தாள். நிமிரவில்லை. சப்பாத்துக் கயிற்றைச் சரிசெய்கிற மாதிரி ஒரு முழங்காலில் இருந்தாள், கட்டுப் போடாத முழங்கால். "அப்பா." துணியோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன். "அப்பா, நிக்கிறியள் எண்டு தெரியும். உங்கட சப்பாத்து கீழால தெரியுது. முதலாம் செட்டில இருந்து தெரியுது." கீழே பார்த்தேன். துணி நிலத்துக்கு ஒரு முழம் மேலேயே முடிந்துவிடுகிறது. மண்ணிறச் சப்பாத்து இரண்டும் கண்காட்சியில் வைத்ததுபோல. "நீங்கள் பாத்தனீங்கள்தானே? உள்ளுக்கோ, வெளியாலையோ? கெதியா சொல்லுங்கோ." வெளியிலிருந்து யாரும் பந்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, பிடிபட்டால் அவளுக்குத்தான் தண்டனை, அதைச் சொல்லித் தப்பியிருக்கலாம். பேசாமலே நின்றிருக்கலாம். அவளுடைய உச்சந்தலையில் வகிடு தெரிந்தது, வகிட்டில் செம்மண். கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவும் என்று எத்தனை ஆயிரம் பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். கோடையை நினைத்தேன். அவளுடைய கையில் பந்து நடுங்குவதைப் பார்த்தேன். அந்த நடுக்கத்தை நிற்பாட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் என்னிடம் இருக்கவில்லை. "வெளியால," என்றேன். "வெளியாலதான் பிள்ளை. நல்லா வெளியால. ஒரு சாண்." அவள் நிமிர்ந்து ஓட்டையைப் பார்த்தாள். ஓட்டைக்குள் என் கண் மட்டும்தான் தெரிந்திருக்கும். அந்தக் கண்ணை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை, வைத்திருக்கவும் வரவில்லை.

அவள் கோட்டுக்குப் போனாள். பந்தைத் தட்டினாள், ஒன்று, இரண்டு, மூன்று, நிறுத்தினாள். மட்டையை உயர்த்திப் பெண்மணியைக் கூப்பிட்டாள். வலைப்பக்கம் நடந்து போய்ப் பேசினாள், எனக்கு முதுகு, கேட்கவில்லை, நெஹிரின் முகம்தான் தெரிந்தது, அது முதலில் சந்தேகப்பட்டது, பிறகு வாய் திறந்தபடி நின்றது. பெண்மணி இரண்டுதரம் திருப்பிக் கேட்டுவிட்டுக் காகிதத்தில் எழுதினார். சாம்பவி திரும்பி வந்து நின்று, உலராத குரலில், கடல்வரைக்கும் கேட்க, 'எய்ட் நைன்' என்றாள். எட்டுக்கு ஒன்பது, ஒன்பது நெஹிருக்கு. அதற்குப் பிறகு நல்லதோர் ஆட்டம் நடந்தது, நீண்டது, இரண்டு பேரும் ஓடினார்கள், நான் பயப்பட மறந்துபோய் அரைவாசி பார்த்தேன், கடைசியில் மகளின் பந்து வலையின் மேல்நாடாவில் பட்டு அவளுடைய பக்கத்திலேயே விழுந்தது. எட்டுக்குப் பத்து. கைகொடுத்தார்கள். நெஹிர் கைகொடுப்பதோடு நிற்காமல் வலைக்கு மேலால் அவளைக் கட்டிக்கொண்டாள்.

நான் வாசல்பக்கம் போனபோது அவள் பையைத் தோளில் போட்டு வெளியே வந்துவிட்டிருந்தாள், முகமெல்லாம் மண், தண்ணீர்ப் போத்தலை வாயில் கவிழ்த்தபடி. "தெரிஞ்சுதான் காட்டினன்," என்றாள், நான் கேட்க முதலே. "பிழையான அடையாளம் எண்டு தெரிஞ்சுதான் காட்டினன்." தோளிலிருந்து நழுவிய பையை ஏற்றிவிட்டாள். "நீங்கள் உள்ளுக்கு எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சன். எப்பவும் அப்பிடித்தானே. புத்தகத்தில ஒரு எழுத்துப் பிழை கண்டாலும் பென்சிலால திருத்துற ஆள். நீங்கள் சொன்னா நான் போய்ப் புள்ளியைக் குடுத்திருப்பன், பிறகு அறைக்கு வந்து உங்களோட சண்டை பிடிச்சிருப்பன்." "பயந்திட்டன் பிள்ளை." "எனக்கும்தான் பயம்." மூடியைத் திருகினாள், அது பொருந்தவில்லை, மறுபடி திருகினாள். "நீங்கள் அப்பிடிச் சொன்ன பிறகு உள்ளுக்கு எண்டு சொல்லுறதுக்கு வேற ஆள் இல்லாமப் போச்சு. அதுதான் நான் போனன்." அப்போது கட்டம் போட்ட சட்டை எங்களை நோக்கி வந்தது. நெஹிரின் தகப்பன். திட்டப்போகிறார் என்று நினைத்து மகளுக்கு முன்னால் ஓரடி வைத்தேன். அவர் சாம்பவியைக் காட்டினார், என்னைக் காட்டினார், பிறகு வலது கையைத் தன் நெஞ்சில் வைத்து நீளமாக ஏதோ சொன்னார், கண் கலங்கியிருந்தது. எனக்குத் தெரியாத மொழி, ஒரு சொல்கூட விளங்கவில்லை, முழுவதும் விளங்கியது: இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவன் நீ. கையை நீட்டினார். "நானில்லை," என்றேன் தமிழில், வேறெந்த மொழியும் வரவில்லை, "நான் பொய் சொன்னனான். அவள்தான்." தலையையும் கையையும் ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். இன்னும் உருகி, இரண்டு கையாலும் என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார், சூரியகாந்தி விதையும் வியர்வையும் மணத்தது, என் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்து கன்னத்தில் தொங்கியது. அவருடைய தோளுக்கு மேலால் சாம்பவி நிற்பது மங்கலாகத் தெரிந்தது. தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை. ஒரு கையை விடுவித்துக் கண்ணாடியை நேராக்கியிருக்கலாம். நான் நேராக்கவில்லை.